ஒன்பது நிமிடம், இரண்டு மாட்யூல்

புதன், பிற்பகல் 3.14.

கோவை அவிநாசி சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்சுகளின் மேசைமேல் இருந்த பெரிய திரை திடீரென்று கறுத்துப்போனது. பன்னிரண்டு நோயாளிகளின் இதயத்துடிப்பையும் ஒரே இடத்தில் காட்டும் திரை அது. அப்போது இருந்த இரண்டு நர்சுகளும் கட்டில் கட்டிலாக ஓடினார்கள். ஏழாம் எண் அறை கடைசியில் இருந்தது. தொற்று பரவக் கூடாதென்று அதன் கண்ணாடிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். உள்ளே கருவி அலறியது வெளியே கேட்கவில்லை.

3.23-க்குத் திரை திரும்ப வந்தது. ஏழாம் எண்ணுக்கு நேரே கோடு வளையாமல் ஓடிக்கொண்டிருந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து குடல் அறுவைச் சிகிச்சைக்கு வந்திருந்த நாச்சியம்மாள் இறந்துகிடந்தார். வயது ஐம்பத்தாறு.

யார் செய்தது என்று மருத்துவமனை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. பழி போடுவதில் நிர்வாகங்கள் காட்டும் சுறுசுறுப்பை வைத்தியத்தில் காட்டினால் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். நெட்வொர்க்கைக் கவனித்துக்கொண்டிருந்த லோகப்பிரியா என்ற இருபத்தாறு வயதுப் பெண்ணை அழைத்து, அவளுடைய கம்ப்யூட்டர் கணக்கை முடக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். நான்கு மணிக்கு சர்வர் அறையைப் பூட்டி சீல் வைத்தார்கள். வாசலில் நாச்சியம்மாளின் மகள் ரித்திகா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கி, "எங்கம்மாவைக் கொன்னுபோட்டியேடி!" என்று கதறினாள்.

சனி, காலை 10.20.

ரித்திகா கொடுத்த புகாரின்பேரில் இன்ஸ்பெக்டர் வெங்கடம்மாள் வந்தார். ஆனைமலைக்குப் பக்கத்துக் கிராமம். ஐம்பத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் விஷயத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை வெட்கப்படாமல் சொல்லக்கூடியவர். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் கம்ப்யூட்டர் படித்த ஏட்டு சுஃப்யானைக் கூடவே கூட்டி வந்திருந்தார்.

"சுருக்கமா சொல்லு சுஃப்யான். எனக்குப் புரியோணும்."

"இங்க இருக்கற மிஷினெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறது ஒரு பெரிய ஸ்விட்ச் வழியா மேடம். பீரோ உசரத்துக்கு ஒரு ராக்கு, அதுக்குள்ள ஸ்விட்ச். அதை நடத்தறதுக்கு ரெண்டு மேனேஜ்மென்ட் மாட்யூல், பக்கத்துப் பக்கத்துல. மொதலாவது வேலை செய்யும். ரெண்டாவது ஸ்டாண்ட்பை, தயாரா நிக்கும். மொதலாவது படுத்துட்டா அந்த நிமிஷமே ரெண்டாவது எடுத்துக்கும்."

"அப்பறம் எப்படி மொத்தமும் படுத்துச்சு?"

"அதுதான் கேள்வி மேடம்."

லோகப்பிரியாவை வரச்சொன்னார்கள். சூலூர்ப் பெண். அப்பாவுக்கு விசைத்தறி. மூன்று நாள் தூங்காத முகம்.

"உக்காரு அம்மணி. புதன்கிழமை என்ன செஞ்சே?"

"ஸ்டாண்ட்பையை மட்டும்தானுங்க ரீபூட் பண்ணினேன். 3.12-க்கு. மேல என் சீட்டுல இருந்தே கமாண்ட் போட்டேனுங்க."

"எதுக்கு?"

"புது சாஃப்ட்வேர் ஏத்தியிருந்தோமுங்க. அணைச்சு எழுப்பினாத்தான் அது வேலை செய்யும். எந்திரிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மொதலாவது பாத்துக்குமுங்க."

"மொதலாவது நல்லா இருக்குதான்னு பாத்தியா?"

"பாத்தேனுங்க. மானிட்டர் ஸ்கிரீன்ல ரெண்டும் பச்சையாத்தான் இருந்துச்சு."

"பர்மிஷன்?"

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே ஃபாரம் எழுதி, எங்க ஹெட் கதிர்வேல் சார்கிட்ட கையெழுத்து வாங்கினேனுங்க. அது இப்ப ஃபைல்ல இல்லீங்களாம். நான் வாங்கவே இல்லைங்கறாங்க."

"நீ எந்த மாட்யூலை ரீபூட் பண்ணினேன்னு அந்த ஸ்விட்ச் எழுதி வச்சிருக்காதா?"

"லாக் இருக்குமுங்க. ஓடிட்டிருக்கற மாட்யூல் தனக்குள்ளயே எழுதி வச்சுக்கும். ஆனா இப்ப அதுல 3.18-ல இருந்துதான் இருக்குதாமா. முன்னாடி ஒரு வரிகூட இல்லீங்களாம். நான் அழிச்சுபோட்டேன்னு சொல்றாங்க."

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. நிர்வாகம் டைப் அடித்துக் கொடுத்தது. ஸ்டாண்ட்பை எழுவதற்குள் கவனக்குறைவால் முதன்மை மாட்யூலையும் ரீபூட் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும். போடாவிட்டால் ஆதாரத்தை அழித்ததாகவும் அவள்மேல் புகார் போகும்.

காலை 11.15.

கதிர்வேலின் அறை. கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர். நாற்பத்தேழு வயது. பணிவான மனிதர். மேசைமேல் நாலைந்து தாம்பூலப் பைகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"மச்சினிச்சி பொண்ணு கல்யாணமுங்க, சூலூர்ல. எல்லாருக்கும் குடுத்துட்டிருக்கேன்."

"இருக்கட்டுங்க. நடந்ததைச் சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்னங்க இருக்குது. மேக்கால இருக்கறது ஸ்டாண்ட்பை. அதை மட்டும் ரீபூட் பண்ணியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அது எந்திரிக்கறதுக்குள்ள கெழக்கால இருக்கறதையும் ரீபூட் பண்ணிப்போட்டா. நல்ல பொண்ணுதானுங்க. அனுபவம் பத்தாது."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கேபின்லதானுங்க. சனிக்கிழமையில இருந்து கல்யாணத்துக்கு லீவு. புதன் ரெண்டு மணிக்குத்தான் வந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று குடுக்கற கமிட்டி வாரதா இருந்துச்சு, அதுக்குப் பேப்பரெல்லாம் பாத்துட்டிருந்தேனுங்க."

"சர்வர் ரூமுக்குப் போகலீங்களா?"

"லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை போனதுதானுங்க, அதுக்கப்பறம் அந்தப் பக்கமே போகலை. ஸ்கிரீன் போனதும் ஐசியூவுக்கு ஓடினேன். அப்பறம் ரூமுக்கு சீல் வச்சுட்டாங்க. நீங்க கார்டு ரெக்கார்டைப் பாத்துக்கலாமுங்க."

சுஃப்யான் ஏற்கெனவே பார்த்திருந்தான். சர்வர் அறை அட்டை காட்டினால்தான் திறக்கும். புதன் மதியம் ஒரு மணிக்கு மேல் யாரும் திறக்கவில்லை. 3.21-க்கு லோகப்பிரியா ஓடிவந்து திறந்திருக்கிறாள், அவ்வளவுதான். பூட்டிய அறை, உள்ளே ஆள் இல்லை, எனவே மேலிருந்து கமாண்ட் போட்டவள்தான் குற்றவாளி. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. வெங்கடம்மாள் தன் நோட்டில் கதிர்வேல் சொன்னதை அப்படியே, சொல் மாறாமல் எழுதிக்கொண்டார்.

பகல் 12.05.

சீலை எடுத்து அறையைத் திறந்தார்கள். லோகப்பிரியாவும் வந்தாள். உள்ளே மார்கழிக் குளிர். நடுவில் கறுப்பு ராக், கண்ணுக்கு நேரே ஸ்விட்ச். அதில் பக்கம் பக்கமாக இரண்டு மாட்யூல்கள், ஒவ்வொன்றும் தடித்த புத்தகம் அளவு.

"இதுல மொதலாவது எது அம்மணி?"

"முன்னாடி நின்னு பாத்தா இடது பக்கம் இருக்கறதுங்க. வலது பக்கம் ரெண்டாவது. அதுதான் நான் ரீபூட் பண்ணினது."

வெங்கடம்மாள் ராக்கின் முன்னால் நின்று சுவர்களைப் பார்த்தார். வடக்கே நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைப் பார்த்தார். டைல்ஸில் இழுத்த கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"இதை நகத்துனீங்களா?"

"போன ஞாயித்துக்கிழமைதானுங்க திருப்பி வச்சோம். முன்னே தெக்கப் பாத்து இருந்துச்சு. அது ஆகாதுன்னு சேர்மனோட வாஸ்துக்காரரு சொல்லிப்போட்டாரு. காலைல அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் அணைச்சு, வடக்கப் பாத்துத் திருப்பி, ஏழு மணிக்கு ஓட விட்டோமுங்க. அந்த ரெண்டு மணி நேரமும் கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நின்னாங்க."

"உங்க சாருக்குச் சொன்னியா?"

"கல்யாண வீட்டுல இருக்கறவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. புதன்கிழமை வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அவரு கமிட்டி வேலையில இருந்தாரு. அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சுங்க."

வெங்கடம்மாள் வெளியே வந்து, காவலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, கரண்டு போய் கார்டு வேலை செய்யலைன்னா இந்தக் கதவை எப்படித் திறப்பீங்க?"

"சாவி இருக்குதுங்க. ஒண்ணு எங்க பெட்டியில, கண்ணாடி போட்டு சீல் வச்சிருக்கும், உடைச்சுத்தான் எடுக்கோணும். இன்னொண்ணு கதிர்வேல் சார்கிட்டங்க."

கண்ணாடி உடையாமல் இருந்தது. வெங்கடம்மாள் சுஃப்யானை ஓரமாக அழைத்து இரண்டு வேலைகள் சொன்னார். முதலாவது மாட்யூலின் மேலுள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, மானிட்டரிங் சாஃப்ட்வேர் தினமும் சேமித்து வைக்கும் பழைய அறிக்கைகளில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கதிர்வேலின் காரைச் சோதனை போட வேண்டும். லோகப்பிரியாவிடம், "அஞ்சு மணி வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே கண்ணு" என்றார். அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்பது தெரியவில்லை. வெங்கடம்மாளும் அவசரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகப் பிறகு மிகவும் வருந்தினார்.

பிற்பகல் 3.40.

கூட்ட அறையில் நிர்வாக மேலாளர், கதிர்வேல், லோகப்பிரியா, ரித்திகா நால்வரும் இருந்தார்கள். மேலாளர் எடுத்தவுடனே ஒரு தாளை நீட்டினார்.

"உங்களுக்குச் சிரமமே இல்லைங்க மேடம். அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டு ரெண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுருச்சு."

வெங்கடம்மாளுக்குச் சுரீர் என்றது. தாளைப் பார்த்தார். லோகப்பிரியா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ரித்திகா அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு கதிர்வேல் பக்கம் திரும்பினார்.

"கதிர்வேல், போன ஞாயித்துக்கிழமை சர்வர் ரூம்ல ஏதாச்சும் வேலை நடந்துச்சுங்களா?"

"தெரியலீங்களே. நான் லீவுல இருந்தேன்."

"யாரும் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இல்லீங்க."

"சரிங்க. ஸ்டாண்ட்பை மாட்யூல் எது?"

"காலைலயே சொன்னேனுங்களே. மேக்கால இருக்கறது."

"வெள்ளிக்கிழமை நீங்க கடைசியாப் பாத்தப்ப அது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

கதிர்வேல் மேலாளரைப் பார்த்தார். மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வெள்ளிக்கிழமை அந்த ராக்கு தெக்கப் பாத்து நின்னுச்சுங்க" என்றார் வெங்கடம்மாள். "அதுக்கு முன்னாடி நிக்கறவன் வடக்கப் பாத்து நிப்பான். வலது கைப்பக்கம் கெழக்கு. அப்ப ரெண்டாவது மாட்யூல், ஸ்டாண்ட்பை, கெழக்கால இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ராக்கைத் திருப்பிப்போட்டாங்க. அதுக்கப்பறம்தான் அது மேக்கால வந்துச்சு. புதன்கிழமை சாயங்காலம் ரூமுக்கு சீல். வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் உள்ளேயே போகாத மனுசன், திருப்புனதே தெரியாத மனுசன், மேக்காலன்னு எப்படிங்க சொல்லுவான்?"

வெளியூர் அதிகாரி யாராவது விசாரித்திருந்தால் அந்தச் சொல் காதில் விழுந்து அப்படியே போயிருக்கும். வெங்கடம்மாள் ஊரில் கட்டிலை நகர்த்தச் சொன்னாலும் கெழக்கால, மேக்கால என்றுதான் சொல்வார்கள். பந்தியில் இலை போடுகிறவனிடமே தெக்கால தள்ளிப் போடு என்பார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் திசையைக் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. கண் பார்த்ததை வாய் சொல்லிவிடும். கதிர்வேலின் வாயும் அதைத்தான் செய்தது.

"லோகப்பிரியா இடது வலதுன்னா. அது அவ புஸ்தகத்துல படிச்சது. நீங்க கண்ணால பாத்ததைச் சொன்னீங்க. புதன்கிழமை சாவியப் போட்டு உள்ள போயிருக்கீங்க. சுஃப்யான், நீ பாத்ததைச் சொல்லு."

சுஃப்யான் எழுந்தான். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்த அறிக்கையில மொதலாவது மாட்யூலோட நம்பர் வேற மேடம். புதன் சாயங்காலத்துல இருந்து வேற. ஆளு மாறியிருக்கு. இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பழைய மாட்யூல் மூணு வாரமா கோளாறுன்னு கத்திட்டே இருந்திருக்கு. கதிர்வேல் சாரோட கணக்குல இருந்து அந்த எச்சரிக்கையை மியூட் பண்ணியிருக்காங்க. அதனாலதான் ஸ்கிரீன்ல பச்சையாத் தெரிஞ்சிருக்கு."

அவன் ஒரு தாம்பூலப் பையை மேசைமேல் வைத்தான். மேலே ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு. அடியில் துண்டில் சுற்றிய மாட்யூல். கதிர்வேலின் கார் டிக்கியில் இருந்தது. வாசலில் எல்லாருடைய பையையும் துழாவும் காவலாளிக்குத் தாம்பூலப் பையைத் துழாவ மனம் வரவில்லை.

"இப்ப நான் சொல்றது சரியான்னு பாருங்க" என்றார் வெங்கடம்மாள். "தரச்சான்று கமிட்டி வாரப்ப ஸ்கிரீன்ல ஒரு சிவப்புகூட இருக்கக் கூடாது. எல்லாம் நல்லா இருக்குதுன்னு நீங்க ஏற்கெனவே மேல எழுதிக் குடுத்துட்டீங்க. அதனால அந்த எச்சரிக்கையோட வாயை அடைச்சு வச்சீங்க. புது மாட்யூல் வந்ததும் யாருக்கும் தெரியாம மாத்திப்போடலாம்னு புதன்கிழமை உள்ள போனீங்க. மொதலாவதைப் பிடுங்கினா ரெண்டாவது எடுத்துக்கும்னு நம்பினீங்க. வண்டியில ரெண்டு மாடு. ஒண்ணு நிக்குதேங்கற தைரியத்துல இந்தப் பொண்ணு இன்னொண்ணை அவுத்துத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போயிருக்குது. அதே நேரத்துல நீங்க வந்து நிக்கற மாட்டையும் அவுத்துப்போட்டீங்க."

"எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றார் கதிர்வேல். "அவ அந்நேரத்துக்கு ரீபூட் பண்ணுவான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுங்களா? அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது யாருங்க?"

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், கமிட்டிக்கான நாற்பது காகிதங்களோடு அந்த ஃபாரத்திலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். புதன் 3.10, ஸ்டாண்ட்பை ரீபூட் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஃபைலைப் புரட்டி அதைக் கண்டார். கிழித்துப்போட்டார்.

"மாட்யூலை மாத்தறப்ப லாக்கும் அதோட போயிருச்சு. அந்தப் பொண்ணு அழிச்சுதுன்னு சொன்னீங்க. பிடுங்கினதுகூட அவசரத்துல நடந்துச்சுன்னு வச்சுக்கலாங்க. இந்தத் தாள்ல கையெழுத்து வாங்கினது அவசரத்துல நடக்கலை."

கதிர்வேலைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலாளர் யாருக்கோ போன் செய்தபடி வெளியேறினார்.

மாலை 5.10.

பழைய மாட்யூலை, சுஃப்யான் ஏற்பாடு செய்த வேறொரு ஸ்விட்சில் பொருத்தினார்கள். லாக் அப்படியே இருந்தது. அந்த அறைக்கு ரித்திகாவும் வந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வெங்கடம்மாள் லோகப்பிரியாவின் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ செய்யாததை ஏன் கண்ணு ஒத்துக்கிட்டே? நான்தான் சொல்லிட்டுப் போனனே."

"மூணு நாளா எல்லாரும் சொன்னாங்க மேடம். எங்கப்பாகூட, நல்லா யோசிச்சுப் பாரு, கை தவறியிருக்குமோன்னு கேட்டாரு. மத்தியானம் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். ரெண்டுன்னு அடிச்சேனா ஒண்ணுன்னு அடிச்சேனான்னு எனக்கே ஞாபகம் வரலீங்க. நான்தான் செஞ்சிருப்பேன்னு தோணிப்போச்சுங்க."

"அதோ இருக்குது பாரு."

லோகப்பிரியா திரையை நெருங்கினாள். 15:12:04, இரண்டாவது மாட்யூல், ரீபூட், அவள் பெயர். அதன் மேல் விரலை வைத்து மூன்று முறை படித்தாள். 15:14:07-க்குப் பிறகு வரிகள் இல்லை. "ரெண்டுன்னுதான் அடிச்சிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் லாகை மேலே தள்ளிப் பார்த்தாள். எச்சரிக்கை. இன்னொரு எச்சரிக்கை. ஒவ்வொரு மணி நேரமும் ஒன்று. பக்கம் பக்கமாக, இருபத்திரண்டு நாட்கள். ஒன்றுகூட அவள் திரைக்கு வந்ததில்லை.

"இதுல ஒண்ணே ஒண்ணு என் கண்ணுல பட்டிருந்தாக்கூட, அன்னைக்கு நான் ரெண்டாவதைத் தொட்டிருக்கவே மாட்டேனுங்க மேடம். மொதலாவதை மாத்துங்கன்னு நானே போய் நின்னிருப்பேன்."

பின்னால் நின்ற ரித்திகா முன்னால் வந்தாள்.

"அப்ப எங்கம்மா?"

லோகப்பிரியாதான் திரும்பினாள். ரித்திகாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இருந்திருப்பாங்கக்கா."